மந்தக் கடமான்

1886 ஜூலை 11, ஞாயிறு

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. மாவு மூட்டை கொண்டுவந்த வண்டிக்காரனிடம் புதியது வாங்கினேன். முதல் பக்கத்தில் விவரம் எழுதிவிடுவது என் வழக்கம். பெயர் சந்தியாகு. ஊர் பரங்கிமலை. இப்போது இருப்பது அமெரிக்காவில் வயோமிங் என்கிற பிரதேசம். வேலை சமையல். இங்கே யார் வாயிலும் சந்தியாகு நுழையவில்லை, சாண்டி என்கிறார்கள். பெயரையே நறுக்கி வதக்கிவிட்டார்கள்.

ஹெஸ்கெத் துரை பரங்கிமலைப் பட்டாளத்தில் கேப்டனாக இருந்தபோது நான் அவருடைய பட்லர். பட்டாளத்தை விட்டுவிட்டு, லண்டன் பிரபுக்கள் நாலு பேர் வாங்கிய மாட்டுப் பண்ணைக்கு மேலாளராக இங்கே வந்தார். மிளகுத்தண்ணி இல்லாமல் இருக்க முடியாது என்று என்னையும் கப்பலேற்றினார். மூன்று வருஷம் ஆனதும் திருப்பி அனுப்புகிறேன் என்று வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னார். மூன்று வருஷம் போன மாதம் முடிந்தது. புத்தகத்திலிருந்து கையை எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை.

பெண்சாதி சூசையம்மாளிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கோவில் உபதேசியார் எழுதிக் கொடுத்தது. மகள் பிலோமிக்குச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்களாம். அடுத்த வருஷம் பாஸ்கா பண்டிகை கழிந்து ஏப்ரல் இருபதாம் தேதி கல்யாணம். "பீடத்துக்கு முன்னால் நீர் கூட்டிப்போய் நிறுத்த வேண்டும். நீர் வராவிட்டால் என் தம்பிதான் நிறுத்துவான். ஊர் உம்மைச் செத்தவர் கணக்கில் சேர்த்துவிடும்" என்று எழுதியிருக்கிறாள். நான் கிளம்பும்போது பிலோமிக்குப் பன்னிரண்டு வயது. ஏப்ரலுக்குள் போய்விட வேண்டும். அதைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் வேறு வேலை இல்லை.

ஜூலை 18, ஞாயிறு

கோடையில் மாடுகளை வெளியிலிருந்து சேர்த்துக்கொண்டு வருகிற காலம். துரை நகரத்துக் கிளப்பில் இருப்பார், நான் சமையல் வண்டியோடு அலைவேன். இன்று பதினெட்டுப் பேருக்கு அவரை, பன்றிக் கொழுப்பு, ரொட்டி. புளித்த மாவை இந்த ஊர் ராத்திரிக் குளிரில் காப்பாற்றுவது பிள்ளை வளர்ப்பதற்குச் சமம்.

இந்த மாட்டுக்காரர்கள் எதையும் அதன் பெயரால் சொல்ல மாட்டார்கள். என் காப்பிக்குச் சவப்பெட்டி வார்னிஷ் என்று பெயர். என் ரொட்டி சுட்ட கல். சமையல்காரன் என்றால் வயிற்றை ஏமாற்றுகிறவன். கல்லறைத் தோட்டம் எலும்புத் தோப்பு. விறகில்லாத இந்த வெளியில் காய்ந்த சாணத்தைப் பொறுக்கி எரிக்கிறோம், அது புல்வெளி நிலக்கரியாம். எங்கள் ஊரில் இதை வறட்டி என்போம், சுவரில் தட்டிக் காயவைப்போம் என்றேன். "சுவத்துலயா?" என்று ஒருவன் தரையில் உருண்டு சிரித்தான்.

எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். பட்டாளத்தில் துரைமாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த முன்ஷியிடம் கற்ற பழக்கம் இது. ஒரு வார்த்தையை எழுதினால் சொன்னது யார், எப்போது, எதைக் காட்டிச் சொன்னான், இந்த மூன்றையும் எழுது என்பார். இல்லாவிட்டால் அது வதந்தி என்பார். பட்லராக இருந்த இருபது வருஷத்தில் எந்தத் துரை எதற்கு என்ன சொல் சொல்வார் என்று இப்படித்தான் தப்பில்லாமல் பிடித்தேன். என் நோட்டில் பொய் கிடையாது.

வார்த்தைகளில் பாதிக்கு மேல் டோபின் கொடுத்தவை. டோபின் மிசௌரிக்காரன், முப்பது வயது, காதில் பாதி இல்லை. குளிரில் உதிர்ந்துவிட்டதாம். ஓடைக்குக் கீழே நாலு மைலில் மண்குடிசை போட்டு நோரா என்கிற பெண்சாதியோடு இருக்கிறான். சொந்தமாக இரண்டு பசு வைத்திருக்கிறான். கூலிக்கு இருக்கிறவன் சொந்தமாக மாடு வைத்தால் பண்ணை முதலாளிகளுக்குப் பிடிக்காது. இரண்டு எப்படி இருபது ஆகும் என்று அவர்களுக்குத்தான் தெரியுமே, அவர்கள் மாடே அப்படித்தானே பெருகியது. இது டோபின் சொன்னது, நான் சொன்னதில்லை.

இன்று அவன் கொடுத்தது: யானையைப் பார்த்தவன். வாழ்க்கையில் பட வேண்டியது எல்லாம் பட்டவன் என்று பொருள். நான் நிஜமாகவே யானை பார்த்திருக்கிறேன் என்றேன்.

"எத்தனை தடவை?"

"திருவல்லிக்கேணி பக்கம் போனா தினமும் பார்க்கலாம்."

டோபின் தொப்பியைக் கழற்றினான். "எல்லாரும் எழுந்து நில்லுங்கடா. நம்ம கூட்டத்துலயே பெரிய ஆளு இவருதான்."

ஜூலை 25, ஞாயிறு

இன்று என் நாமத் திருநாள், புனித சந்தியாகப்பர் திருநாள். கோவில் இல்லை, பூசை இல்லை. அரைமணி நேரம் முழந்தாளிட்டு ஜெபமாலை சொன்னேன்.

டோபின் ஒரு கன்றை அறுத்து, தோலுரித்து, சேணத்தில் போட்டுக் கொண்டுவந்தான். ஏன் கொண்டுவந்தான் என்று தெரியவில்லை, நல்ல மனசு. பின்னங்காலைத் தூக்கிக் காட்டி, "மந்தக் கடமான் சாண்டி, ஓடத் தெரியாதது" என்று கண்ணடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவன் மாட்டை அடித்துத் தின்னும்போது, கடமான் வேட்டையாடினேன், ஆனால் கொஞ்சம் மந்தமான கடமான் என்பார்களாம். எழுதிக்கொண்டேன். இந்த நாட்டில் இறைச்சியின் ஊரைக் கேட்பது மரியாதை இல்லை, நானும் கேட்கவில்லை.

இளங்கன்று கிடைத்தால் இவர்கள் ஒரு குழம்பு கேட்பார்கள். ஈரல், இதயம், நாக்கு, மூளை, பால் நிறைந்த குடல், கொம்பும் ரோமமும் கத்தலும் தவிர எல்லாம் உள்ளே. அதன் அசல் பெயர் பெற்றவளைத் திட்டுகிற கெட்ட வார்த்தை. அதனால் அந்த வருஷம் யாரை எல்லோரும் வெறுக்கிறார்களோ அவன் பெயரைக் குழம்புக்கு வைத்துவிடுவார்கள். இந்த வருஷம் அதன் பெயர் வாட்கின்ஸ். ரயில் ஏஜெண்டு, நாற்பது மாடுகளைத் தண்ணீர் காட்டாமல் பெட்டியிலேயே சாகவிட்டவன். தட்டை நீட்டி "இன்னொரு கரண்டி வாட்கின்ஸ்" என்று கேட்கிறார்கள். யாரும் பெயரை அறிவித்து வைப்பதில்லை. ஒருவன் சொல்வான், மற்றவர்கள் மறுக்காவிட்டால் அதுதான் பெயர்.

நான் மிளகும் காய்ந்த மிளகாயும் அரைத்துப் போட்டேன். பரங்கிமலைக் குடல் குழம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. டோபின் மூன்று தட்டு தின்றுவிட்டுக் கண்ணில் நீர் வழிய, "உன் புனிதர் பெரிய ஆளு. அடுத்த வருஷமும் வரச் சொல்லு" என்றான்.

மூன்று வருஷத்தில் இன்றுதான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

மழை இல்லை. புல் விரல் நீளம்கூட இல்லை. துரை போன வருஷத்தைவிட இரண்டு பங்கு மாடு இறக்கியிருக்கிறார். அவை எதைத் தின்னும் என்று மாட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். லண்டனிடம் கேட்க வேண்டும்.

டோபின் இன்று இரண்டு வார்த்தை கொடுத்தான். ஒன்று, உதட்டுக்குத் தளை போடு, அதாவது வாயை மூடு. இன்னொன்று காட்டன்வுட் பூ. ஓடைக்கரையில் பஞ்சு பறக்கவிடும் பெரிய மரம் காட்டன்வுட், நம் இலவம் மாதிரி. அதன் கிளையில் தூக்கிலிடப்பட்டுத் தொங்குகிறவன் அந்த மரத்தின் பூவாம். ஓடைக்கரை மரத்தைக் காட்டிச் சொன்னான்.

செப்டம்பர் 5, ஞாயிறு

துரை என்னைப் பங்களாவுக்கு வரவழைத்தார். இங்கிலாந்திலிருந்து நண்பர்கள் வருகிறார்களாம். நகரத்துக் கிளப்பில் மாட்டுக்காரர் பாஷையைப் பற்றி ஒரு மாலை பேசப் போகிறாராம். தமிழில்தான் என்னோடு பேசுவார், பட்டாளத்தில் கற்ற தமிழ்.

"சந்தியாகு, நீ நோட்டுல எழுதுறான், நான் பாக்குறான். எல்லாம் எனக்குச் சொல்லு. சுத்தமா முடிக்கிறான், நவம்பர்ல உனக்குக் கப்பல்."

நவம்பர் என்றால் ஜனவரியில் சென்னை. மதியச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 12, ஞாயிறு

துரைக்கு வார்த்தைகளை வாசித்தேன். நோட்டு தமிழில் இருக்கிறது. இந்தப் பிரதேசத்தில் இந்த எழுத்தைப் படிக்க என்னை விட்டால் ஆள் கிடையாது, துரைக்கும் பேச்சோடு சரி. நான் பார்த்துப் பார்த்து இங்கிலீஷில் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். சவப்பெட்டி வார்னிஷுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். மந்தக் கடமானில் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு மீதியும் வாசித்தேன். கட்லெட் நன்றாக வந்தது.

செப்டம்பர் 13, திங்கள்

துரை நகரத்துக்கு ஆள் அனுப்பித் தந்தி கொடுத்தார். எதற்கென்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 22, புதன்

மறுபடியும் வண்டியில். மேஸ்திரி க்ரீலி வந்தான். மாட்டுக்காரர்களுக்கெல்லாம் மேல் அவன்தான், துரைக்கு வலது கை. சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஜூலை இருபத்தஞ்சு வண்டி எங்க நின்னுச்சு?" என்று கேட்டான்.

"ரெண்டு காட்டன்வுட் நிக்குற வளைவுல."

"நிச்சயமா?"

"என் திருநாள், மறப்பேனா?"

கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். டோபின் இந்த வாரம் வடக்கே மாடு தேடப் போயிருக்கிறான், இல்லாவிட்டால் க்ரீலி எதற்குக் கேட்டான் என்று அவனிடம் சொல்லியிருப்பேன். வடக்கு முகாம் இரண்டு மணி நேரக் குதிரைத் தூரம். ரொட்டி மாவு பொங்கிக்கொண்டிருந்தது, விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

செப்டம்பர் 26, ஞாயிறு

டோபினை வெள்ளிக்கிழமை பிற்பகல் தூக்கில் போட்டுவிட்டார்கள். அந்த வளைவில், ஆகஸ்டில் அவன் காட்டிய அதே மரத்தில். பக்கத்துப் பண்ணை முதலாளிகள் மூன்று பேர், துரை, க்ரீலி. ஜட்ஜ் இல்லை, கோர்ட்டு கச்சேரி இல்லை.

முகாமில் ஒருவன், "டோபின் காட்டன்வுட் பூ ஆயிட்டான்" என்றான். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் வேறு விதமாகச் சொல்லவும் யாருக்கும் தெரியவில்லை. இவர்கள் பாஷையில் எல்லாவற்றுக்கும் ஒரு வேடிக்கைப் பெயர் இருக்கிறது. ஒரு மனுஷனைக் கழுத்தில் கயிறு போட்டுக் கொன்றோம் என்று சொல்ல வேண்டி வரும்போது அந்தப் பெயர் உதவுகிறது. இந்த வார்த்தையை எனக்குக் கொடுத்ததே அவன்தான். சொன்னவர் டோபின் என்று நோட்டில் இருக்கிறது.

க்ரீலி என்னிடம் வந்து, டோபின் கடைசியாக எனக்கு ஒரு சேதி சொன்னதாகச் சொல்லி, அதையும் சொன்னான். அதை எழுதப் போவதில்லை.

அக்டோபர் 3, ஞாயிறு

ஒரு கன்று கால் முறிந்து விழுந்தது, அறுத்தோம். குழம்பு வைத்தேன். முதல் ஆள் தட்டை நீட்டி, "ஒரு கரண்டி ஹெஸ்கெத்" என்றான். யாரும் மறுக்கவில்லை. வாட்கின்ஸ் பிழைத்துக்கொண்டான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

செப்டம்பர் 12ஆம் தேதியைப் பற்றிச் சரியாக எழுதவில்லை. என் நோட்டில் பொய் கிடையாது என்று எழுதியிருக்கிறேன், ஆகவே எழுதிவிடுகிறேன். மந்தக் கடமானை வாசித்தபோது நான் பொருள் மட்டும்தான் சொன்னேன். துரை சிரித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "இது நீ சும்மா கட்டுறான் சந்தியாகு. இப்படி வார்த்தை இல்லே. கிளப்புல சொன்னா என்னைப் பார்த்துச் சிரிப்பான்."

இருபது வருஷம் எந்தத் துரையும் என்னைச் சும்மா கட்டுகிறவன் என்று சொன்னதில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. நோட்டைத் திருப்பி, அவருக்குத் தெரியாத எழுத்தில் விரலை வைத்து, ஒவ்வொன்றாகப் படித்தேன். சொன்னவர் டோபின். ஜூலை 25, மதியம். கன்றின் பின்னங்காலைக் காட்டி.

அந்த விரலுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எவனோ ஒரு வழிப்போக்கன் சொன்னான், பெயர் தெரியாது என்று நான் வாசித்திருந்தாலும் தலையாட்டியிருப்பார்.

அக்டோபர் 10, ஞாயிறு

நோரா வந்தாள். கோவேறு கழுதையில், மூட்டை முடிச்சோடு. நெப்ராஸ்காவில் அக்காள் வீட்டுக்குப் போகிறாளாம், சாமான் வண்டி இந்த வழியாகத்தான் வருகிறது. எழுதத் தெரியாதவள். டோபினின் தாய்க்கு மிசௌரிக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள்.

"நீங்க நல்லா எழுதுவீங்கன்னு அவர் சொல்வாரு. சாண்டி ஒண்ணு விடாம எழுதுவாருன்னு."

"என்னன்னு எழுதணும்மா?"

"குதிரை தள்ளிருச்சுன்னு எழுதுங்க. வயசான மனுஷி."

எழுதினேன். குதிரை தள்ளிவிட்டது, வலியில்லாமல் போனான், கடைசிவரை எல்லோரும் கூட இருந்தார்கள். கடைசி வாக்கியம் மட்டும் உண்மை.

காற்று அடித்தது. மூட்டையிலிருந்து ஒரு கன்றுத்தோலை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். சிவப்பும் வெள்ளையும். இடது புறத்தில் சூட்டுக்குறி, ஒரு சாவி. டோபினின் இரண்டு பசுவுக்கும் அதே சாவிதான், எனக்குத் தெரியும்.

"இந்தத் தோல்..." என்றேன்.

"உங்க திருநாளுக்கு அறுத்தாரே, அந்தக் கன்னுதான். எங்க பெரிய பசு போட்டது. இந்த வருஷம் எங்களுக்கு நின்னது அது ஒண்ணுதான். விக்கலாம்னு நான் சண்டை போட்டேன். அந்த ஆளு ஊர்ல திருநாளுக்கு ஆடு வெட்டி ஊருக்கே போடுவாங்களாம், இங்க தனியா உக்காந்து அழுவான், போகட்டும்னாரு."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கு நன்றி சொன்னாள், கடிதத்துக்கு. ஒரு பை மாவும் பன்றிக் கொழுப்பும் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

மந்தக் கடமான் என்று அவன் சொன்னது கேலி. தன் ஒரே கன்றைக் கொடுக்கிறவன், கொடுக்கிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டுத் திருடினேன் என்று சொல்லியிருக்கிறான். இவர்கள் பாஷையே அப்படித்தான். மூன்று வருஷம் எழுதியும் எனக்கு அது தெரியவில்லை. யார், எப்போது, எதைக் காட்டி என்று எழுதினேன். தோல் எங்கே என்று கேட்கவில்லை.

அக்டோபர் 12, செவ்வாய்

பங்களாவுக்குப் போனேன். தோலைப் பற்றித் துரையிடம் சொல்லிவிடுவது என்று நினைத்துத்தான் போனேன். டீ கொண்டுபோய் வைத்தேன். துரை முகம் கறுத்து, தூக்கமில்லாமல் இருந்தார்.

"என்ன சந்தியாகு?"

வாயைத் திறந்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

"போதும். உன் கப்பலுக்கு நான் எழுதுறான்."

சரிங்க துரை என்று வந்துவிட்டேன். சொல்லியிருந்தால் டோபின் எழுந்து வரப் போவதில்லை, கப்பல்தான் போயிருக்கும். இதைச் சமாதானமாக எழுதவில்லை. நடந்தது இதுதான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஏன் கொண்டுவந்தான் என்று தெரியவில்லை என்று ஜூலையில் எழுதியிருக்கிறேன். தெரியும். திருநாளுக்கு ஒரு வாரம் முன்னால், ஒரு கன்று கிடைத்தால் எல்லோருக்கும் சமைத்துப் போடுவேனே என்று அவனிடம் நான்தான் கேட்டேன். அது துரையின் கன்று என்றே நினைத்துக்கொண்டு கேட்டேன், அப்படியே நினைத்துக்கொண்டு சமைத்தேன். அதனால்தான் செப்டம்பரில் துரை பேனாவைக் கீழே வைத்தபோது எனக்குக் கோபம் மட்டும் வரவில்லை. பயமும் வந்தது. சமைத்தது யார் என்று அடுத்து கேட்பார் என்று தோன்றியது. கேட்பதற்குள் ஒரு பெயர் வேண்டியிருந்தது. பெயர் விரலுக்குக் கீழேயே இருந்தது.

நவம்பர் 16, செவ்வாய்

பனி விழ ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் விழுந்து யாரும் பார்த்ததில்லையாம். கிளப்பில் துரையின் பேச்சுக்கு நல்ல கைதட்டல் என்று க்ரீலி சொன்னான். மந்தக் கடமானுக்குத்தான் அதிகம் சிரித்தார்களாம். கப்பலைப் பற்றிக் கேட்டேன். பனி விட்டதும் என்றார் துரை.

1887 ஜனவரி 9, ஞாயிறு

பதினாறு மணி நேரமாகக் கொட்டுகிறது. கதவைத் திறக்க முடியவில்லை.

ஜனவரி 30, ஞாயிறு

இரண்டு நாள் புயல். வெள்ளிக்கிழமை தொடங்கியது. மாடுகள் பங்களாச் சுவரை ஒட்டி வந்து நின்றுகொண்டு கத்துகின்றன. கண்ணாடிச் சன்னலில் மூக்கை வைத்து உள்ளே பார்க்கின்றன. சன்னல் சட்டத்தில் ஒட்டியிருந்த தார்க்காகிதத்தைத் தின்றுவிட்டன. துரை திரையை இழுத்துவிடச் சொன்னார். இழுத்துவிட்டேன். கத்தலுக்குத் திரை இல்லை.

பிப்ரவரி 20, ஞாயிறு

கத்தல் நின்றுவிட்டது.

மார்ச் 13, ஞாயிறு

பனி கரைகிறது. ஓடையெல்லாம் பிணம். நூறில் எழுபது மாடு போய்விட்டது என்கிறான் க்ரீலி. இதற்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். மாடு சேர்ப்பு என்று சொல்கிற தொனியில் சாவு சேர்ப்பு என்கிறார்கள். சொன்னவர் பெயரை எழுதவில்லை. இனி யார் பெயரையும் எழுதுவதாக இல்லை.

மார்ச் 19, சனி

துரை போய்விட்டார். லண்டன் பிரபுக்கள் பண்ணையை மூடிவிட்டார்கள். நேற்று நான் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தபோது வண்டி கட்டி ரயிலடிக்குக் கிளம்பியிருக்கிறார். கப்பல் டிக்கெட் ஒன்றுதான் எடுத்திருக்கிறார், அவருக்கு. மேஜையில் எனக்கு ஒரு காகிதம் வைத்திருந்தார். ஊரில் துரைமார் போகும்போது பட்லருக்கு எழுதிக் கொடுக்கிற நற்சாட்சிக் கடிதம்தான். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"சந்தியாகு என்னிடம் எட்டு வருஷம் வேலை பார்த்தான். சுத்தமானவன். கட்லெட் நன்றாகச் செய்வான். எல்லாவற்றுக்கும் மேலாக உண்மையானவன், கேட்டதைக் கேட்டபடி சொல்வான்."

அடுப்பில் போடப் போனேன். பிறகு இந்தக் காகிதம் இல்லாமல் வேறு எங்கே வேலை கேட்பது என்று மடித்து வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 20, புதன்

இன்று பிலோமிக்குக் கல்யாணம். மச்சினன் கூட்டிப்போய் நிறுத்தியிருப்பான். இங்கே விடியும்போது அங்கே விருந்தே முடிந்திருக்கும். என்னைச் செத்தவர் கணக்கில் சேர்த்திருப்பார்கள், சரிதான்.

தெற்கே ஒரு சிறிய பண்ணையில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. பிழைத்த மாடுகள் கொஞ்சம் இருக்கிறவர்கள். க்ரீலியும் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறான், மேஸ்திரியாக இல்லை, சாதாரணக் கூலியாக. பழைய பண்ணை ஆட்கள் இன்னும் மூன்று பேர். க்ரீலி இப்போது நிறையக் குடிக்கிறான். குடித்தால் அந்த மரத்தடியைப் பற்றித்தான் பேசுகிறான். இன்று மதியம் எல்லோர் முன்னாலும் பேசினான்.

"'தோல் என் குடிசையில கிடக்கு, போய்ப் பாருங்க'ன்னு ரெண்டு தடவை சொன்னான். நாலு மைல்தான். ஒருத்தனும் போகல. அப்புறம் துரை தான் எழுதி வெச்ச சீட்டை எடுத்து வாசிச்சாரு. இன்ன தேதி, மதியம், பின்னங்காலைக் காட்டிச் சொன்னாய்னு. டோபின் அதைக் கேட்டதும் அப்படியே நின்னுட்டான். அதுக்கப்புறம் தோலைப் பத்திப் பேசவே இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினான். "உனக்குத்தான் அன்னைக்கே சொன்னேனே சாண்டி. இவங்களுக்கும் சொல்லட்டுமா?"

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொல்லிவிட்டான். நானும் எழுதிவிடுகிறேன், இனி மறைத்து என்ன. கயிற்றைப் போட்ட பிறகு டோபின் கடைசியாகச் சொன்னது இது: "சாண்டிகிட்ட சொல்லு, தேதி சரிதான்."

ஒவ்வொருவராகத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். வழக்கமாக அதை நான்தான் கழுவுவேன்.

மே 22, ஞாயிறு

ஒரு பசு சேற்றில் சிக்கிச் செத்தது. அதன் கன்று பிழைக்காது என்று அறுத்துவிட்டார்கள். இந்த வருஷத்தில் முதல் குழம்பு. மிளகு தீர்ந்துவிட்டது, மிளகாய் மட்டும் அரைத்துப் போட்டேன். மதியம் பதினொரு பேரும் வரிசையில் வந்தார்கள். முதலில் நின்றவன் கான்சாஸ்காரன், புதிதாக வந்தவன், டோபினைப் பார்த்ததுகூடக் கிடையாது. தட்டை நீட்டி என் கண்ணைப் பார்த்து, குழம்பின் பெயரைச் சொல்லிக் கேட்டான். நான் ஊற்றினேன். அடுத்தவனும் அதே பெயரைச் சொன்னான். யாரும் மறுக்கவில்லை. பழைய ஆட்கள் மூன்று பேரும் அதைத்தான் சொன்னார்கள். க்ரீலி கடைசியில் வந்தான், அவனும் சொன்னான். பதினொரு தடவை ஊற்றினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

இனி யார் பெயரையும் எழுதுவதில்லை என்று எழுதியிருந்தேன். இது ஒன்றை மட்டும் முறைப்படி எழுதிவிடுகிறேன்.

வார்த்தை: சாண்டி.

பொருள்: இளங்கன்றின் ஈரல், இதயம், நாக்கு, மூளை, குடல் சேர்த்து வைக்கிற குழம்பு.

சொன்னவர்: எல்லோரும்.

எப்போது: 1887 மே 22, மதியம்.

எதைக் காட்டி: என்னை.

தேதி சரிதான்.